கருக்கலைப்புத் தீர்ப்பா, பள்ளிக்கூட வரியா: அமெரிக்க மத வலதுசாரி எங்கிருந்து கிளம்பியது?

#1 வைகறை

வழக்கமாகச் சொல்லப்படும் கதை இதுதான்: 1973 ஜனவரி 22-ல் கருக்கலைப்பை அரசியலமைப்பு உரிமையாக்கிய ரோ எதிர் வேட் தீர்ப்பு வந்தது, இவாஞ்சலிக்கல் (பைபிளையும் ‘மறுபிறப்பையும்’ வலியுறுத்தும் புராட்டஸ்டன்ட்) சபையினர் கொதித்தெழுந்தார்கள், 1980 அதிபர் தேர்தலில் குடியரசுக் கட்சியின் ரீகனை ஜெயிக்கவைத்தார்கள். எனக்குக் கணக்கு உதைக்கிறது. இவாஞ்சலிக்கல்களின் பெரிய சபைக் கூட்டமைப்பான சதர்ன் பாப்டிஸ்ட் மாநாடு 1971-ல் செயின்ட் லூயிஸில் ஒரு தீர்மானம் போட்டது. வன்புணர்வு, கருவில் கடுமையான குறைபாடு, தாயின் உடல்நலத்துக்கோ மனநலத்துக்கோ கேடு என்ற நிலைகளில் கருக்கலைப்பை அனுமதிக்கும் சட்டத்துக்காக உழைக்கச் சொல்லி உறுப்பினர்களைக் கேட்டுக்கொண்ட தீர்மானம் அது. 1974-லும் 1976-லும் ஏறக்குறைய அதே நிலைதான். மத வலதுசாரியின் முகமாக அறியப்பட்ட மாரல் மெஜாரிட்டி அமைப்பு தொடங்கியது 1979 ஜூனில். நடுவில் ஆறு வருடம் என்ன நடந்தது?

இன்னொன்று. தேவாலயம் எந்த வேட்பாளரையும் ஆதரிக்கவோ எதிர்க்கவோ கூடாது என்று 1954 முதல் வரிச்சட்டம் சொல்கிறது. அப்படியிருக்க, ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் செவ்வாய்க்கிழமை (அமெரிக்கத் தேர்தல் நாள்) ஓட்டாக மாறுவது எந்த வழியில்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 ஏட்டுச்சுவடி

அந்த ஆறு வருடத்துக்கான பதில் ஐஆர்எஸ் (அமெரிக்க வரித்துறை) கோப்புகளில் இருக்கிறது.

மிசிசிப்பியின் ஹோம்ஸ் கவுண்டியில் அரசுப் பள்ளிகளில் இரு நிறத்தாரையும் சேர்க்க நீதிமன்றம் கட்டாயப்படுத்தியபோது, அங்கே படித்த வெள்ளைப் பிள்ளைகள் 771-லிருந்து முதல் வருடமே 28 ஆனார்கள். அடுத்த வருடம் பூஜ்யம். எல்லோரும் போனது புதிதாக முளைத்த தனியார் ‘அகாடமி’களுக்கு. அந்த அகாடமிகளுக்கு வரிவிலக்கு இருந்தது, கொடுக்கும் நன்கொடைக்கும் கழிவு உண்டு. அதாவது கறுப்பினப் பெற்றோரின் வரிப்பணமும் மறைமுகமாக அங்கே போனது. அவர்கள் வழக்குப் போட்டார்கள். 1971-ல் கிரீன் எதிர் கானலி தீர்ப்பு: நிறப்பாகுபாடு பார்க்கும் பள்ளிக்கு வரிவிலக்கு கிடையாது.

அடுத்து மாட்டியது தென் கரோலினாவின் பாப் ஜோன்ஸ் பல்கலைக்கழகம். 1971 வரை கறுப்பின மாணவர்களையே சேர்க்கவில்லை. பிறகு திருமணமானவர்களை மட்டும் சேர்த்தது. 1975-ல் மற்றவர்களையும் சேர்த்துக்கொண்டு, நிறம் தாண்டிக் காதலித்தால் வெளியேற்றம் என்று விதி போட்டது. 1976 ஜனவரியில் ஐஆர்எஸ் வரிவிலக்கைப் பறித்தது, அதுவும் 1970 டிசம்பர் முதல் முன்தேதியிட்டு. முன்தேதி என்றால் கடந்த வருடங்களின் வரியும் தலையில் விழும்.

தேன்கூட்டில் கல் விழுந்தது 1978 ஆகஸ்டில். ஐஆர்எஸ் ஆணையர் ஜெரோம் கர்ட்ஸ் ஒரு வரைவு விதி வெளியிட்டார். வட்டாரத்துப் பள்ளிகள் இணைக்கப்பட்ட காலத்தையொட்டித் தொடங்கிய அல்லது பெரிதான தனியார் பள்ளி என்றால், அந்த வட்டாரப் பள்ளிவயதுப் பிள்ளைகளில் சிறுபான்மையினரின் விழுக்காட்டில் ஐந்தில் ஒரு பங்காவது பள்ளியில் இருக்க வேண்டும். வட்டாரத்தில் 40% என்றால் பள்ளியில் 8%. 300 பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் 24 பேர். அது இல்லாவிட்டால், பாகுபாடு பார்க்கவில்லை என்று பள்ளியேதான் நிரூபிக்க வேண்டும். எதிர்த்து ஒரு லட்சத்துக்கு மேல் கடிதங்கள் போயின. 1979-ல் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) அந்த விதிக்குச் செலவிடப் பணம் ஒதுக்காமல் முடக்கியது.

பால் வைரிக்குக்கு வேண்டியது இதுதான். 1973-ல் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன் என்ற வலதுசாரிக் கொள்கை ஆய்வு அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர் அவர். பள்ளி ஜெபம், ஆபாசப் படம், கருக்கலைப்பு என்று பலதைக் காட்டியும் பாஸ்டர்கள் அசையவில்லை, பள்ளிக்கூட வரி என்றதும்தான் எழுந்தார்கள் என்று பின்னாளில் அவரே வெளிப்படையாகச் சொன்னார்.

ஒரு வேடிக்கையும் உண்டு. மாரல் மெஜாரிட்டிக்கு முகம் ஜெர்ரி ஃபால்வெல், பாப்டிஸ்ட் பாஸ்டர். பின்னாலிருந்த மூளைகளில் வைரிக் கத்தோலிக்கர், கடிதம் அனுப்பியே அரசியலுக்குப் பணம் திரட்டிய அஞ்சல் மன்னன் ரிச்சர்ட் விகரி கத்தோலிக்கர், ஹோவர்ட் பிலிப்ஸ் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். அதே ஃபால்வெல் 1965-ல், பாஸ்டர்கள் ஊர்வலம் போகக் கூடாது, ஆத்துமாக்களை ரட்சிப்பதே அவர்கள் வேலை என்று மார்ட்டின் லூதர் கிங் வகையறாவைக் கண்டித்துப் பிரசங்கித்தவர்.

#3 கொக்கிக்கேள்வி

ஏட்டுச்சுவடி அண்ணே, விவரமெல்லாம் சரி. ஆனா வைரிக் சொன்னதை அப்படியே எடுத்துக்கறது சரியில்ல. அவர் ஆள் திரட்டறவர். எந்தத் தூண்டில்ல மீன் சிக்குச்சுன்னு தூண்டில் போட்டவர் சொல்றது ஒரு சாட்சி, அவ்வளவுதான். நீங்க சொல்றது பாஸ்டர்கள் கதை. பெஞ்சுல உட்கார்ந்திருந்த ஜனத்தோட கதை வேற.

ஃபிலிஸ் ஷ்லாஃப்லியைப் பாருங்க. இல்லினாய் கத்தோலிக்கர். பெண்களுக்கான சம உரிமைத் திருத்தம் 1972 மார்ச்சில காங்கிரஸ்ல நிறைவேறுது. 38 மாநிலம் ஒப்புக்கணும். மளமளன்னு 30 தாண்டிடுச்சு. அவங்க 1972 கடைசியிலேயே எதிர்ப்புக் குழு கட்டி, இல்லினாய் சட்டமன்ற உறுப்பினர்களுக்கு வீட்டுல சுட்ட ரொட்டியும் ஜாமும் கொண்டுபோய்க் கொடுக்கிற அளவுக்கு இறங்கி வேலை செஞ்சாங்க. கத்தோலிக்கர், மார்மன், பாப்டிஸ்ட் பெண்கள் ஒரே பஸ்ல வந்தது அமெரிக்காவுல அதுக்கு முன்னாடி அபூர்வம். திருத்தம் 35-ல நின்னுச்சு, அதுலயும் ஐந்து மாநிலம் வாபஸ். 1982 ஜூன் 30-ல கெடு முடிஞ்சுது. இதுல பள்ளிக்கூட வரி எங்க இருக்கு?

1977 ஜூன்ல மயாமி இருக்கிற டேட் கவுண்டியில ஓரினச்சேர்க்கையாளர் பாதுகாப்பு விதியை பொது வாக்கெடுப்புல ஏறக்குறைய 70% ஓட்டோட தூக்கி எறிஞ்சாங்க. முன்ன நின்னது அனிதா பிரயன்ட்னு ஒரு பாப்டிஸ்ட் பாடகி. அதுவும் வரி இல்ல.

#4 ஏட்டுச்சுவடி

ஒப்புக்கொள்கிறேன். பெண்கள் இயக்கத்தை நான் விட்டது பிழை. 1978 அயோவாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். செனட்டர் டிக் கிளார்க் ஜெயிப்பார் என்றே எல்லோரும் நினைத்தார்கள். தேர்தலுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, கருக்கலைப்பு எதிர்ப்பாளர்கள் கத்தோலிக்க தேவாலய வாகன நிறுத்தங்களில் கார் கண்ணாடிகளில் பிட் நோட்டீஸ் செருகினார்கள். செவ்வாயன்று ரோஜர் ஜெப்சன் ஜெயித்தார். வைரிக் கையில் இரண்டாவது துருப்புச் சீட்டு வந்தது அப்போதுதான். பள்ளிக்கூட வரிதான் அமைப்புக்கு விதை, கருக்கலைப்பு அதற்கு விளம்பரப் பலகை என்று என் கூற்றைத் திருத்திக்கொள்கிறேன்.

பாப் ஜோன்ஸ் கதையின் மிச்சம்: 1982 ஜனவரியில் ரீகன் அரசு ஐஆர்எஸ்ஸின் நிலையைக் கைவிட்டது. அரசுத் தரப்பை வாதாட அரசே முன்வராததால் உச்ச நீதிமன்றம் வில்லியம் கோல்மன் என்ற வழக்கறிஞரை நியமித்தது. 1983 மே 24-ல் 8-க்கு 1 என்று பல்கலைக்கழகம் தோற்றது. காதல் தடையை அது எடுத்தது 2000-ல், அதிபர் வேட்பாளராக ஜார்ஜ் டபிள்யூ. புஷ் அங்கே பேசப் போய்ப் பெயரைக் கெடுத்துக்கொண்ட பிறகு.

#5 மதில்மேல்பூனை

ஆக, விதையும் விளம்பரமும் ரெடி. விற்பனை எப்படி? அதைச் சொல்லாமல் எல்லோரும் 1980-க்குத் தாவிவிடுகிறீர்கள்.

#6 சட்டப்புள்ளி

விற்பனைக்கு வருகிறேன். மூன்று பைகள் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

முதல் பை, வரிச்சட்டத்தின் 501(சி)(3) பிரிவு. தேவாலயம், அறக்கட்டளை இதில் அடங்கும். நன்கொடைக்கு வரிக்கழிவு உண்டு. வேட்பாளர் பேச்சு அறவே கூடாது, கொள்கைப் பேச்சு தாராளம். இரண்டாம் பை 501(சி)(4). அமைப்புக்கு வரி இல்லை, ஆனால் நன்கொடையாளருக்குக் கழிவும் இல்லை. சட்டத்துக்காக எவ்வளவு வேண்டுமானாலும் ஆள்பிடிக்கலாம், தேர்தல் வேலையும் பிரதான வேலையாக இல்லாதவரை செய்யலாம். மூன்றாம் பை அரசியல் நடவடிக்கைக் குழு. வேட்பாளருக்கே பணம் கொடுக்கலாம், ஆனால் நன்கொடைக்கு வரம்பு உண்டு, கணக்குக் காட்ட வேண்டும். மாரல் மெஜாரிட்டி இந்த மூன்றையும் ஒரே பெயர்க்குடையின் கீழ் வைத்திருந்தது. பணம் எந்தப் பையிலிருந்து எந்தப் பைக்குப் போகலாம் என்பதுதான் முழு வித்தையும். இரண்டாம் பையிலிருந்து முதல் பைக்குப் போகலாம் ((சி)(4)-லிருந்து (சி)(3)-க்கு), முதல் பையின் பணம் வேட்பாளர் வேலைக்கு இறங்கக் கூடாது.

தேவாலய வாசலில் விநியோகமாகும் சரக்கு ‘வாக்காளர் கையேடு’. 1989-ல் தொலைக்காட்சிப் பிரசங்கியார் பேட் ராபர்ட்சன் தொடங்கி ரால்ஃப் ரீட் நடத்திய கிறிஸ்தவக் கூட்டணி இதை ஒரு தொழிற்சாலையாகவே ஆக்கியது. 1994-ல் மட்டும் 3 கோடிக்கு மேல் அச்சடித்ததாக அவர்களே சொன்னார்கள். பொருள் என்னவோ ஒரே தாள். இடப்பக்கம் ஒருவர் படம், வலப்பக்கம் இன்னொருவர், நடுவில் ஆறேழு வரிகள், ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘ஆதரிக்கிறார்’, ‘எதிர்க்கிறார்’. ‘இவருக்கு ஓட்டுப் போடுங்கள்’ என்று எங்குமே இருக்காது.

அது ஏன் இருக்காது என்பதற்குக் காரணம் 1976 பக்லி எதிர் வலேயோ தீர்ப்பின் ஓர் அடிக்குறிப்பு. ‘வாக்களியுங்கள்’, ‘தேர்ந்தெடுங்கள்’, ‘தோற்கடியுங்கள்’, ‘நிராகரியுங்கள்’ போன்ற எட்டுச் சொற்களை அது அடுக்கியது. அவை இருந்தால் தேர்தல் பிரசாரம், தேர்தல் நிதிச்சட்டம் பாயும். இல்லாவிட்டால் பொதுக் கருத்து. கையேடு எழுதுபவர் மேசையில் அந்த எட்டுச் சொல் ஒட்டியே இருக்கும்.

தடுக்கி விழும் இடம் இங்கே. தேர்தல் ஆணையத்துக்குத்தான் எட்டுச் சொல் அளவுகோல். ஐஆர்எஸ்ஸுக்கு அது இல்லை, ‘எல்லாச் சூழ்நிலைகளையும் சேர்த்துப் பார்ப்போம்’ என்பது அவர்கள் வழி. 1978-லேயே அவர்கள் நான்கு மாதிரி நிலைமைகளை எழுதி வைத்தார்கள்: பல துறைக் கேள்விகள், நடுநிலைச் சொற்கள் என்றால் சரி. ஒரே பிரச்சினையைச் சுற்றிய கேள்விகள் என்றால் ஒருபுறச் சாய்வு. 2007-ல் 21 நிலைமைகளாக விரித்தார்கள். ஒரே தாள் ஆணையத்தில் தேறி ஐஆர்எஸ்ஸில் தோற்கலாம். கிறிஸ்தவக் கூட்டணிக்கு நடந்தது அதுதான். ஆணையம் 1996-ல் போட்ட வழக்கில் 1999-ல் பெரும்பாலும் அவர்களே ஜெயித்தார்கள். அதே வருடம் ஐஆர்எஸ் வரிவிலக்கை மறுத்தது.

நாள் தேர்வையும் கவனியுங்கள். கையேடு வருவது தேர்தலுக்கு முந்தைய ஞாயிறு. தவறு இருந்தாலும் மறுப்பதற்கு எதிராளிக்குக் கிடைப்பது ஒரே ஒரு திங்கட்கிழமை.

#7 வைகறை

அருமை. அப்படியானால் நேரடியாக மீறியே மாட்டிக்கொண்ட தேவாலயம் ஏதாவது உண்டா? ஆடிட் என்று போனால் என்ன ஆகும்?

#8 சட்டப்புள்ளி

நியூயார்க் மாநிலம் பிங்ஹாம்டன் அருகே பியர்ஸ் கிரீக் என்ற தேவாலயம். 1992 அக்டோபர் 30, தேர்தலுக்கு நான்கு நாள் முன், இரண்டு தேசிய நாளிதழ்களில் கிளின்டனை எதிர்த்து முழுப்பக்க விளம்பரம். கீழே, இந்த விளம்பரத்துக்கான வரிக்கழிவுள்ள நன்கொடைகள் வரவேற்கப்படுகின்றன என்று ஒரு வரி. தன் வாயாலேயே கெட்டது என்பார்களே, அது. 1995-ல் வரிவிலக்கு போனது, 2000-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது.

இப்படி நடப்பது அபூர்வம். தேவாலயங்கள் விலக்கு கேட்டு விண்ணப்பிக்கவே தேவையில்லை, வருடாந்திரக் கணக்குத் தாக்கலான 990 படிவமும் கிடையாது. ஆகவே ஐஆர்எஸ் மேசையில் பார்க்க ஒன்றும் இருப்பதில்லை. விசாரிக்க வேண்டுமென்றால் 1984 சட்டப்படி உயர்மட்ட அதிகாரி ஒருவர் நியாயமான சந்தேகத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். 2009-ல் மின்னசோட்டாவில் ஒரு விசாரணை கவிழ்ந்ததே, கையெழுத்துப் போட்டவர் அவ்வளவு உயர்ந்தவர் அல்ல என்று நீதிமன்றம் சொன்னதால்தான். 2008 முதல் சில பாஸ்டர்கள் வேண்டுமென்றே வேட்பாளர் பெயர் சொல்லிப் பிரசங்கித்து, பதிவை ஐஆர்எஸ்ஸுக்கே அனுப்பி, வழக்குப் போடு பார்க்கலாம் என்று சவால் விட்டார்கள். வழக்கு வரவில்லை.

#9 ஆலமரத்தடி

இவ்வளவு நேரமும் வெள்ளைத் தேவாலயங்களைப் பற்றியே பேசுகிறோம். மதம் அமெரிக்க அரசியலைப் புரட்டிய பெரிய சம்பவம் கறுப்பினத் தேவாலயங்களில் நடந்தது. ஃபால்வெல்கள் அதைப் பார்த்துத்தான் படித்தார்கள்.

மாண்ட்கமரி பேருந்துப் புறக்கணிப்பு 381 நாள். 1955 டிசம்பர் 5 இரவு ஹோல்ட் ஸ்ட்ரீட் பாப்டிஸ்ட் தேவாலயக் கூட்டத்தில் பேசிய கிங்குக்கு வயது 26. பேச்சை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் இயக்கம் நின்றது காரில். முதலில் கறுப்பின டாக்ஸிக்காரர்கள் பஸ் கட்டணமான 10 சென்ட்டுக்கே ஓட்டினார்கள். குறைந்தபட்சக் கட்டணம் 45 சென்ட் என்ற பழைய விதியை நகராட்சி தூசி தட்டி எடுத்தது. உடனே சுமார் 300 சொந்தக் கார்கள், நாற்பதுக்கும் மேற்பட்ட ஏறுமிடங்கள் என்று பகிர்வுப் பயண ஏற்பாடு. வெளியூர்களிலிருந்து வந்த நன்கொடையில் ஸ்டேஷன் வேகன்கள் வாங்கி, ஒவ்வொன்றையும் ஒரு தேவாலயத்தின் பெயரில் பதிவு செய்தார்கள். ‘ஓடும் தேவாலயம்’ என்று பேர். உள்ளூர்க் காப்பீட்டு நிறுவனங்கள் காப்பீட்டை ரத்துசெய்தபோது லண்டன் லாயிட்ஸில் எடுத்தார்கள். கடைசியில் உரிமமில்லாத போக்குவரத்து என்று நகராட்சி தடையுத்தரவு வாங்கிய 1956 நவம்பர் 13 அன்றுதான், பேருந்துப் பாகுபாடு செல்லாது என்ற தீர்ப்பை உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. ஒரு வருடம் முன்னால் அந்தத் தடை வந்திருந்தால் வரலாறே வேறு.

அந்த வண்டிகளின் பேரப்பிள்ளைதான் இன்றைய ஞாயிறு ஓட்டு. ஆராதனை முடிந்ததும் தேவாலயப் பேருந்தில் நேரே முன்கூட்டிய வாக்குச்சாவடிக்குப் போவார்கள். 2021-ல் ஜார்ஜியாவில் ஞாயிறு வாக்குப்பதிவைக் குறுக்க முதலில் மசோதா வந்தது. எதிர்ப்புக்குப் பிறகு, கவுண்டி விரும்பினால் இரண்டு ஞாயிறு என்று நிறைவேறியது. அந்த வருட ஜனவரியில்தான் கிங் ஊழியம் செய்த எபனேசர் தேவாலயத்தின் பாஸ்டர் ரஃபேல் வார்னாக் செனட்டர் ஆனார்.

#10 மட்டுறுத்துநர்

எந்தச் சபை வேதத்தைச் சரியாகப் படித்தது என்று வந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். அதற்கு இறையியல் பகுதி இருக்கிறது.

#11 வாக்குச்சாவடி

எண் பேசட்டும். தகுதியுள்ளவர் 100 பேர் என்று வையுங்கள். பதிவு செய்தவர் 60, ஓட்டுப் போட வருபவர் 30. ஜெயிக்க 16 போதும். பள்ளி வாரியத் தேர்தலில் இன்னும் குறையும். வாரந்தோறும் ஒரே கூரையின் கீழ் கூடுகிறவர்களில் 16 பேரைத் திரட்டுவது, நூறு பேரில் 51 பேர் மனத்தை மாற்றுவதைவிடப் பலமடங்கு சுலபம். கிறிஸ்தவக் கூட்டணியின் முழுச் சூத்திரமும் இது.

1988 அயோவா காகஸில் (கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க ஆட்கள் நேரில் கூடும் கூட்டம்) ராபர்ட்சன் 25% வாங்கி, அப்போதைய துணை அதிபர் மூத்த புஷ்ஷை 19%-ல் மூன்றாமிடத்துக்குத் தள்ளியது இப்படித்தான். குளிர்கால இரவில் மணிக்கணக்கில் உட்கார்ந்து ஓட்டுப் போடுகிறவர்கள் யார்? ஆனால் இந்தச் சூத்திரம் சிறிய கிண்ணத்தில்தான் பொங்கும். வேட்பாளர் நியமனம் கடைசியில் புஷ்ஷுக்கே போனது. 2008-ல் ஹக்கபி, 2012-ல் 34 ஓட்டில் சான்டோரம், 2016-ல் டெட் குரூஸ் என்று அயோவாவில் ஜெயித்த மூவருமே கட்சி வேட்பாளர் ஆகவில்லை.

தலைகீழாக வெடித்ததும் உண்டு. 2022 ஜூன் 24-ல் டாப்ஸ் தீர்ப்பு ரோவை ரத்துசெய்தது. அடுத்த ஆகஸ்ட் 2-ல் கான்சஸில் மாநில அரசியலமைப்பிலிருந்து கருக்கலைப்பு உரிமையை எடுக்க வாக்கெடுப்பு. அதை நவம்பரில் வைக்காமல், கட்சிகள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் ஆகஸ்ட் பிரைமரி நாளில் வைத்தார்கள். அன்று குடியரசுக் கட்சிக்காரர்கள்தான் அதிகம் வருவார்கள், எந்தக் கட்சியும் சாராதவர்களுக்குப் பிரைமரியில் வேலையே இல்லை என்ற கணக்கு. வந்தவர்கள் 9 லட்சத்துக்கு மேல். 59-க்கு 41 என்று திருத்தம் தோற்றது. ஒஹாயோ இதைப் பார்த்தும் கற்கவில்லை. 2023 ஆகஸ்டில், அரசியலமைப்புத் திருத்தத்துக்கு 60% வேண்டும் என்று மாற்றப் பார்த்துத் தோற்றார்கள். நவம்பரில் கருக்கலைப்பு உரிமை சுமார் 57%-ல் ஜெயித்தது.

இன்னொரு எச்சரிக்கை. 2016-ல் ‘வெள்ளை இவாஞ்சலிக்கல்களில் 81% ட்ரம்புக்கு’ என்ற எண்ணை எல்லோரும் வீசுகிறார்கள். வாக்குச்சாவடி வாசலில் கேட்பது ஒரே கேள்வி: நீங்கள் மறுபடியும் பிறந்த அல்லது இவாஞ்சலிக்கல் கிறிஸ்தவரா, ஆமா இல்லையா? ஆமா என்றவர்களில் வெள்ளையர்களை மட்டும் பிரித்தெடுத்து அந்த எண் வருகிறது. தேவாலய வாசலையே மிதிக்காதவரும் ஆமா என்பார், அதே நம்பிக்கையுள்ள கறுப்பினத்தவர் கணக்கில் வரமாட்டார்.

#12 கொக்கிக்கேள்வி

கான்சஸ் கதை எனக்கு மதுவிலக்கை நினைவுபடுத்துது. 1893-ல ஒஹாயோவோட ஓபர்லின்ல பிறந்த ஆன்டி சலூன் லீக்குங்கற மதுக்கடை எதிர்ப்பு அமைப்புதான் இந்த எல்லா வித்தைக்கும் முப்பாட்டன். அதோட தலைவர்கள்ல ஒருத்தரான வெய்ன் வீலர் கேட்டது ஒண்ணே ஒண்ணு: சட்டமன்றத்துல நீ எப்படி ஓட்டுப் போடுவே? வீட்டுல நீ குடிச்சுக்கோ, எனக்குக் கவலையில்ல. தேவாலயம் தேவாலயமா ஞாயித்துக்கிழமை உறுதிமொழி அட்டையில மாதச் சந்தா பிடிச்சாங்க, வெஸ்டர்வில்ல சொந்த அச்சகம் வச்சாங்க. 1905-ல ஒஹாயோ ஆளுநர் ஹெரிக்கை, குடியரசுக் கட்சிக் கோட்டையிலேயே தோற்கடிச்சாங்க. மற்ற மாநிலங்கள்ல இருந்த அரசியல்வாதிகளுக்கு அந்த ஒரு பிணம் போதுமானதா இருந்துச்சு.

1913-ல வருமான வரித் திருத்தம் வந்ததும் சாராய வரியை அரசு நம்ப வேண்டிய அவசியம் குறைஞ்சுது. 1919 ஜனவரியில மதுவிலக்கைக் கொண்டுவந்த 18-ஆம் திருத்தம். ஆனா ஜெயிச்சதும் லீக்குக்கு வேலை போச்சு, பணமும் வத்திடுச்சு. ரத்து செய்றப்ப காங்கிரஸ் சூட்சுமமா ஒண்ணு செஞ்சுது. லீக்கோட பிடி இருந்தது மாநிலச் சட்டமன்றங்கள்ல. அதனால 21-ஆம் திருத்தத்தை சட்டமன்றங்களுக்கே அனுப்பாம, தனியா தேர்ந்தெடுத்த மாநில மாநாடுகளுக்கு அனுப்பினாங்க. இன்னிவரைக்கும் அந்த வழியில ஒப்புதல் வாங்கின ஒரே திருத்தம் அதுதான். 1933 டிசம்பர் 5-ல கதை முடிஞ்சுது.

#13 வைகறை

எல்லோருக்கும் நன்றி. கடைசியாகச் சட்டப்புள்ளிக்கு ஒன்று. 2025 ஜூலையில் ஐஆர்எஸ்ஸே இறங்கி வந்துவிட்டது என்கிறார்களே, முதல் பையின் தையல் பிரிந்துவிட்டதா?

#14 சட்டப்புள்ளி

டெக்சாஸில் சில தேவாலயங்கள் போட்ட வழக்கில், அவர்களும் ஐஆர்எஸ்ஸும் சேர்ந்து நீதிமன்றத்தில் கொடுத்த சமரச மனு அது. ஆராதனையின்போது, வழக்கமான வழியில், தன் சபையாரிடம் பாஸ்டர் வேட்பாளரைப் பற்றி விசுவாச நோக்கில் பேசினால் அது பிரசாரம் ஆகாது, குடும்பத்துக்குள் பேசுவதுபோல என்ற விளக்கம். சட்டத்தின் வாசகத்தை மாற்ற அந்த மனுவால் முடியாது, அது காங்கிரஸின் வேலை. மனுவின் சொற்களை உற்றுப் பாருங்கள், பேச்சைப் பற்றித்தான் இருக்கிறது, பணத்தைப் பற்றி இல்லை. பியர்ஸ் கிரீக் விளம்பரம் இன்று வந்தாலும் நாளிதழ் சபையார் ஆகாது. நேரலையில் ஆராதனையைப் பார்க்கும் ஐம்பதாயிரம் பேர் சபையாரா என்று கேட்டால், அடுத்த வழக்கு அங்கேதான் தொடங்கும்.